ஆறு பக்கங்கள்

ஹேசல் ரெபெய்ரோ பாடியது மொத்தம் மூன்று தட்டு,
ஆறு பக்கங்கள்.
ஒன்றில் கீறல். ஒன்றை நான் கேட்டதேயில்லை.

பகலில் கேத்தி ஊசி ஆலையில்
இருபத்தைந்து இருபத்தைந்தாய்
கறுப்புத் தாளில் ஊசி குத்துவாள்.
சனிக்கிழமை வெலிங்டன் மெஸ்ஸில்
இரவல் கிதாரோடு
பார்த்திராத குதிரைகளைப் பாடுவாள்.
குரலை நடுவில் உடைத்து
உச்சிக்கு எறியும் அந்த வித்தையை
கேரட் பாத்திக்கு மேலே நின்று கத்திக் கத்தி
பள்ளத்தாக்கிடம் படித்தாளாம்.
அது அரைச் சுருதி குறைத்தே திருப்பித் தந்தது.
அவளும் அப்படியே பாடினாள்.

முதல் தட்டு ஐம்பத்தெட்டில், முழுக்கச் சளிக் குரல்.
மெட்ராஸ் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை என்பார்கள்.
அடுத்தது விற்றது நாற்பத்தொன்று,
அதில் பதினாறு அவளே வாங்கியது.

மூன்றாவதில்தான் சொந்தப் பாட்டு.
என்னைக் கேத்தியில் இறக்கிவிடு என்று தொடங்கும்,
இங்கிலீஷில்.
கம்பெனிக்காரன் காதில் வேறாக விழுந்து
லேபிளில் கென்டக்கி என்று அச்சாகிவிட்டது.
திருத்தச் சொல்லி எழுதினாள்.
இப்படியே இருந்தால்தான் விற்கும் என்று பதில்.
விற்கவில்லை.
அதோடு பாடவுமில்லை.

நேற்று பெட்போர்டில், என் ரேடியோ கடையில்
அதை ஓடவிட்டிருந்தேன்.
லாரி ஸ்பீக்கரைச் சரிபண்ண வந்த போஜன்
சட்டென்று நிமிர்ந்தான்:
“யாருண்ணா அது, நம்ம ஊர் பேரச் சொல்றது?”

தட்டை நிறுத்தி லேபிளைக் காட்டினேன்.
எழுத்துக் கூட்டிப் படித்தான்.
பேனா இருக்கா என்றான்.