அளவுப் புத்தகம்

ரூவியில், ஹோண்டா ரோட்டுப் பின்சந்தில்
பதினெட்டு வருடமாய்த் துணி வெட்டுகிறேன்.
முகம் மறந்துபோகும். அளவு மறக்காது.

மாசியில் அவளுக்கு இடுப்பு முப்பத்தி நாலு.
வைகாசியில் முப்பத்தி ஒன்று.
அதே நீலச் சீருடை, அதே மேடம்,
"பிடித்துக் கொடு" என்று அதே விரல்.
ஆவணியில் இருபத்தெட்டு.
ஒன்றின்கீழ் ஒன்றாய் எழுதிய பிறகுதான் பார்த்தேன்,
யாரோ கழித்துக்கொண்டே வருகிறார்கள்.

இந்தமுறை கை நீளம் கூட்ட வேண்டுமாம்.
மணிக்கட்டு வரை.
வெளியே நாற்பத்தைந்து டிகிரி.

பில்லுக்குப் பேர் கேட்டேன். மேடம் சொன்னாள், மேரி.
ஊர் கேட்டேன். மேடம் சொன்னாள், இந்தியா.
லீவு எப்போ என்றேன், சும்மா.
மேடம் சிரித்தாள்.
அவள் என் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
தேதி பார்ப்பவள்போல் அல்ல,
எந்த மாதம் என்று தேடுகிறவள்போல.

நாடா தோளில் பட்டதும் ஒடுங்கினாள்.
அந்த ஒடுக்கம் எனக்குத் தெரியும்,
என் அப்பா கை நீட்டுகிறவர்.
"அண்ணே" என்றாள், உதடு அசையாமல்.
தமிழ்.

நான் செய்தது பெரிசில்லை.
வழக்கம்போல் அளவை உரக்கச் சொன்னேன்,
மகுதூம் எழுதிக்கொள்ள.
தோள் ஒன்பது.
கை ரெண்டு.
கழுத்து சைபர்.
"மாமா, கழுத்து சைபரா?"
எழுதுடா.
எட்டு இலக்கம். நர்ஸ் ரெபேக்காளின் நம்பர்,
போன மார்கழியில் ஒருத்தியைத்
தூதரக வாசல்வரை கூட்டிப்போனவள்.
இன்னொருமுறை சொன்னேன், மெதுவாக,
"போன் நம்பர் மாதிரிடா, ஒண்ணு தப்பினாலும் போச்சு."
மேடம் தன் போனில் இருந்தாள்.
அவள் விரல்கள் தொடையோரம்
ஒவ்வொன்றாய் மடங்கின.

வியாழக்கிழமை தயார் என்றேன்.
வியாழன் யாரும் வரவில்லை. அடுத்த வியாழனும்.
அவளுக்கு ஒரு போன் எங்கே கிடைக்கும் என்று
அன்றைக்கு நான் யோசிக்கவேயில்லை, முட்டாள்.
மேடம் நம்பர் இருந்த பில் அடிக்கட்டையை
ரெபேக்காளிடம் கொடுத்துவிட்டேன்.
விசாரிக்கிறார்களாம்.

சட்டை ஆணியில் தொங்குகிறது,
முழுக்கை, நீலம்.
ஷட்டர் இறக்கியபின்
பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டுகிறேன்.
இரண்டாவது புத்தகத்தில், ஏழெட்டு வருடம் முந்தி,
என் கையெழுத்தில் ஒரு மேரி.
வேறொரு மேரி.
முப்பத்தி ஆறு.
முப்பத்தி ரெண்டு.
அதற்குக் கீழே வெறும் கட்டம்.