ஒரு சுற்று குறைவு

இணைப்புக் கட்டடம், ஐந்தாம் மாடி.
கதவில் 'பணிவாழ்வு மேம்பாட்டு அறை' என்று பலகை.
உள்ளே ஒன்பது மேசைகள்,
வெளியே அழைக்க முடியாத ஒரு தொலைபேசி,
வேறு கம்பெனிக்காரன் செய்த ஒரு வெந்நீர்க் கெட்டில்.

எங்களை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை.
அதை அழுத்திச் சொன்னார்கள், மூன்று முறை.
ஒன்பது மணிக்கு வரவேண்டும்,
ஐந்தரை வரை எங்களுக்கு நாங்களே வேறு இடம் தேடவேண்டும்,
போகும்போது ஒரு தாளில்
இன்று என்ன செய்தேன் என்று எழுதித் தரவேண்டும்.
இருபத்தைந்தாம் தேதி பிசகாமல் சம்பளம் வருகிறது.
தொண்டையில் முள் அதுதான்.

இசோபே, ஏற்றுமதிப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணுகிறார்.
ஒருநாள் தாளிலும் அதையே எழுதினார்: நாற்பத்தொன்று.
நுமாதா வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஹொசாக்கா என் எதிர் மேசை.
இருபத்தாறு வருஷம் ரைஸ் குக்கர்.
குக்கர் என்றால் அதன் மூடி மட்டும்.
முழு மூடிகூட இல்லை,
அது சாத்திக்கொள்ளும் இடம்: கீல், கொக்கி, சுருள்வில்.
அந்த 'டக்' இருக்கிறதே,
அதற்கு மட்டும் மூன்று வருஷம் ஆயிற்றாம்.
கூர்மையாக இருந்தால் தூங்கும் குழந்தை விழித்துவிடும்.
மழுங்கிப்போனால்
மூடினோமா இல்லையா என்று கை மறுபடி போகும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சத்தம்.
சொல்லும்போது உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்துக் காட்டினார்.

போன செவ்வாய்க்கிழமை கெட்டிலின் மூடி நிற்காமல் திறந்துகொண்டது.
காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி,
பேனாவில் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து
அரைமணியில் சரிசெய்துவிட்டார்.
எல்லோரும் எழுந்துவந்து
ஆளுக்கொரு முறை மூடிப் பார்த்தோம்.
நுமாதா இரண்டு முறை.
அன்று ஹொசாக்கா தாளில் எழுதினார்: மூடி பழுது நீக்கப்பட்டது.
மறுநாள் தாள் திரும்பி வந்தது, சிவப்பு மையில்:
வேலை தேடலுக்குத் தொடர்பில்லாதது. மீண்டும் எழுதவும்.

நான் கணக்குப் பிரிவு. இருபத்தெட்டு வருஷம்.
அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை:
ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாள்
மேலிருந்து கேள்வி வந்தது.
மூடியின் சுருள்வில்லில் ஒரு சுற்றைக் குறைத்தால் என்ன மிச்சம்?
ஒன்றுக்கு அரை யென்கூட இல்லை.
வருஷத்துக்குப் பதினேழு லட்சம் குக்கர்.
பெருக்கினேன், தசமத்தை வெட்டினேன், முத்திரை குத்தினேன்.
பத்து நிமிட வேலை.
வந்த தொகை அவருடைய ஒன்றரை மாதச் சம்பளம்.
சத்தத்துக்கென்று அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
இருந்திருந்தாலும் நிரப்பியிருப்பேனா, தெரியாது.

இப்போது யாரோ ஒருவர்
எங்கோ ஒரு மாடியில்
எங்கள் ஒன்பது பேரையும் பெருக்கிக்கொண்டிருப்பார்.
கணக்கில் தப்பு வராது.
நானும் அப்படித்தான் இருந்தேன்.

நேற்று மாலை ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் அவரைப் பார்த்தேன்.
வரிசையாகப் புது மாடல்கள்.
ஒவ்வொன்றாகத் திறந்தார், மூடினார்,
காதைச் சாய்த்தார்.
விற்பனைப் பையன் ஓடிவந்தான்.
"ஒரு சுற்று குறைவு" என்றார் ஹொசாக்கா.
பையன் முகம் மலர்ந்தது.
"ஆமாம் ஐயா, இந்த வாரம் முழுக்க
பத்து சதவீதம் குறைவுதான்."
நான் பேட்டரி அடுக்குக்குப் பின்னால் நின்றேன்.
தேவையில்லாமல் நான்கு பேட்டரி வாங்கிக்கொண்டு
வேறு வாசல் வழியாக வெளியேறினேன்.

மணி ஐந்து இருபது.
இன்று என்ன செய்தேன்?
எதிரே அவர் கோப்பையில் வெந்நீர் பிடித்துக்கொண்டு
கெட்டிலை மூடுகிறார்.
டக்.
கை மறுபடி போகவில்லை.
என் தாளில் தேதி மட்டும் இருக்கிறது.