வலது கை, நடுத்தர அளவு

ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல்.
ஏழாக இருந்தால் சாக்குக்கட்டி எடுத்து
அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன்.
ஆம்பூர் புறவழிச்சாலைக் கம்பெனியில்
பன்னிரண்டு வருஷமாக இதுதான் சம்பளம்.

இந்த சீசனுக்குப் பனிக் கையுறை.
பலகையைக் காலில் கட்டிக்கொண்டு
மலையிலிருந்து சறுக்குவார்களாம்.
அதிலும் இது புதிதாகக் கற்பவர்களுக்கு:
மணிக்கட்டில் வளைந்த பிளாஸ்டிக் தகடு,
உள்ளங்கையில் இன்னொன்று,
இழுத்து ஒட்ட இரண்டு பட்டை.

வெளியே கத்திரி. நூற்று ஏழு டிகிரி.
பாலியெஸ்டர் பஞ்சை விரல் விரலாகத் திணித்துவிட்டு
கழுத்தில் வழிவதைத் தோளால் துடைக்கிறாள் தில்ஷாத்.
அடுத்த மேசையில் அரைக்கால் சட்டை,
பின்புறம் இரண்டு மெத்தை,
வால் எலும்புக்கென்று தனியாக ஒன்று.
"நாற்காலியைத் தைச்சு மாட்டிக்கிட்டே
விழப் போறாங்கடி" என்றாள்.
லைன் முழுக்கச் சிரித்ததில்
சூப்பர்வைசர் எழுந்து வந்தார்.

பெட்டிக்குள் வைக்கும் தாளில்
எழுத்து எந்த நாட்டுடையதோ, படம் புரிந்தது.
ஒருவன் கையை விரித்து ஊன்றி விழுகிறான்:
மேலே சிவப்புப் பெருக்கல் குறி.
ஒருவன் விரல்களை மடக்கி
முன்கை இரண்டும் பட விழுகிறான்:
பச்சை டிக்.

விழுகிற கை படம் பார்த்தா விழும்?
பச்சைக் குழந்தையைப் பாயில்
கொஞ்சம் வேகமாகக் கிடத்திப் பாருங்கள்,
இரண்டு கையையும் விரித்துக் காற்றைப் பிடிக்கும்.
அங்கிருந்தே வருகிற பழக்கம் அது.
படத்தை மறக்கிற கைக்குத்தான்
இந்தத் தகடு என்று நினைத்துக்கொண்டேன்.

கழித்ததை கேட்டில் கிலோக் கணக்கில் விற்பார்கள்.
ஒரு ஜோடி வாங்கினேன்.
வலது கையில் என்னுடைய வட்டம்
அழியாமல் இருந்தது.

இரவு ஷிப்டு முடிந்து மாதனூருக்கு
ஷேர் ஆட்டோக்காரன் கேட்கிற காசில்
பழைய ஸ்கூட்டி ஒன்றுக்குத் தவணை கட்டலாம்.
கட்டினேன். நாற்பத்து மூன்று வயது.
ஓட்டத் தெரியாது.

ஞாயிறு விடியல், பாலாறு.
தண்ணீர் இல்லாத ஆற்றில்
டிராக்டர் போன தடம் கெட்டியாக இருக்கும்.
தலையில் ஹெல்மெட்,
முழங்காலில் துண்டை மடித்துச் சணல் கட்டு,
கையில் பனிக் கையுறை.
"ஆத்துக்குள்ள எந்த போலீசும்மா புடிக்கப் போவுது?"
ஆடு ஓட்டி வந்த ஆள் கேட்டான்.
வேலூர் கிரீன் சர்க்கிளில்
போலீசைக் கண்டதும் கைப்பிடியிலிருந்து
தலைக்கு ஏறும் ஹெல்மெட்டுகளைத்தான்
அவனும் பார்த்திருப்பான் போல.

முதல் விழல் இடப்பக்கம். ஒன்றும் இல்லை.
எழுந்து, மணலைத் தட்டி,
மறுபடி முறுக்கினேன். கொஞ்சம் அதிகம் முறுக்கிவிட்டேன்.
தடம் வளைந்த இடத்தில் வண்டி வளையவில்லை.
வலது கை விரிந்தது,
பன்னிரண்டு நாளாக அந்தத் தாளை மடித்துப்
பெட்டிக்குள் வைத்த அதே கை.

டக் என்றது தகடு. மணிக்கட்டு நின்றது.

ஆனால் தையல் நிற்கவில்லை.
சரியாக வட்டத்துக்குள்
வாய் பிளந்து, தகடு நழுவி,
அதன் ஓரம் உள்ளங்கையைக் கீறியிருந்தது.
வெள்ளைப் பஞ்சு சுடப்போகிற மணலில்
கொஞ்சம் கொஞ்சமாக ஓடியது.
ஆடு ஒன்று வந்து மோந்து பார்த்தது.
வலித்தது. உண்மையைச் சொன்னால்
ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை. கண்டெய்னர் புதன்கிழமை போகணும்.
"ஒரு தையல் குறைஞ்சா என்னம்மா,
பனியில நின்னு எவன் எண்ணுவான்?"
சாக்குக்கட்டியைக் கீழே வைத்து
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
"நான் விழுந்து பார்த்துட்டேன் சார்."

அவர் காயத்தைப் பார்த்தார்,
சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு பதிவேட்டை அவரே இழுத்து எழுதினார்:
வலது கை, நடுத்தர அளவு,
பதினான்கு, திரும்பத் தைக்க.