ஒன்றுக்கு இம்மி முன்னால்

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் கூடம்.
உள்ளே இருபது மீட்டருக்கு ஒரு பொய்க் கடல்,
அதன் கழுத்தில் அலமாரிக் கதவளவு மதகு.
பூச்சியத்திலிருந்து ஒன்று வரை
இருபது நிமிடத்துக்கொரு முறை
பத்தில் ஒரு பங்கு திறக்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

பைத்தானிடம் ரேஞ்ச் கேட்டேன்.
முழு எண் கொடு, பின்னத்தைத் தொடமாட்டேன் என்று
சிவப்பில் திட்டியது.
வியாழக்கிழமை, மணி ஆறேகால்,
வீட்டில் பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது.
வொயில் போட்டேன்:
ஒன்று ஆகாத வரை
பத்தில் ஒன்று கூட்டு.
சைக்கிள் ஏறிப் போய்விட்டேன்.

பதினொரு மணிக்கு ஷூர்ட் அழைத்தான்.
"வீட்ஸ்கே, உன் கடல் என் காலுறைக்குள் வந்துவிட்டது."

மதகு தன் காடியை விட்டு வெளியேறி
ஒன்றரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
மோட்டாரை அணைத்தேன்.
பதிவேட்டை மேலிருந்து படித்தேன்.
மூன்றாம் படியிலேயே ஒரு நான்கு,
பதினைந்து பூச்சியங்களுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது.
பத்தாம் படியில்
0.9999999999999999
பதினாறு ஒன்பது.
ஒன்று இல்லை.
இல்லாததால், சொன்ன சொல் தவறாமல்,
ஒன்றைத் தொடாமலே தாண்டியிருந்தது,
இறங்க வேண்டிய நிலையத்தில்
தூங்கிப் போனவனைப் போல.

யந்திரத்தின் பெட்டியில் இருக்கும் படிக்கற்கள்
அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்,
அதில் பாதி, அதிலும் பாதி.
எப்படி அடுக்கினாலும் இருமா வராது.
ஐம்பத்துச் சொச்சம் கல் வரை முயன்றுவிட்டு
கடைசிக் கல்லைச் சற்றே கனமாக வைத்து
இந்தா, பத்தில் ஒன்று என்று நீட்டுகிறது.
தனித்தனியே ஒவ்வொன்றும் இம்மி கூடுதல்;
பத்தையும் சேர்த்தால் இம்மி குறைவு.
கூட்டும்போதெல்லாம் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்கிறதாம்.
புரிகிறது.
பிடிபடவில்லை.

ஷூர்ட் தண்ணீரை வாரி வாரிச் சாக்கடையில் கொட்டினான்.
வாளிக்கொரு கோடு, கதவில், சுண்ணக்கட்டியால்.
காப்பீட்டுப் படிவத்தில் எத்தனை லிட்டர் என்று எழுத என்றேன்.
"நாற்பத்து மூன்று வாளி.
லிட்டர் வேண்டுமானால் நீயே பெருக்கிக்கொள்,
நடுவில் என்னைக் குழப்பாதே."

நனைந்த நாற்காலியில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன்.
ரேஞ்சுக்குப் பதினொன்று கொடுத்தால் பத்தில் நிற்கும்,
அது அதன் குணம்.
படிகளை முழுசாக எண்ணட்டும்;
மதகிடம் போகும் வாசலில் மட்டும்
பத்தால் வகுக்கட்டும்.
பத்தைப் பத்தால் வகுத்தால் ஒன்று,
ஒட்டுக் குறையாத ஒன்று.
மூன்றைப் பத்தால் வகுத்தால் இப்போதும் பொய்தான்.
ஆனால் அந்தப் பொய்
அடுத்த படியின் தலையில் கடன் ஏற்றுவதில்லை.

விடியப் பார்த்தது.
ரேடியேட்டர் மேல் அவன் காலுறைகள்.
காய்ந்துவிட்டதா என்று கேட்டேன்.
தொட்டுப் பார்த்தான்.
"கிட்டத்தட்ட" என்றான்.