மந்திரக்கோல்

பிராகா நகரில் இதற்கு மந்திரக்கோல் என்று பெயர்.
பத்தொன்பது யூரோவுக்குப் பிளாஸ்டிக் கால்.
இருபத்தாறுக்கு எஃகு.
"எண்ணூறு வாட்" என்கிறான் கடைப்பையன்,
குதிரை விற்பவன்போல.

கிராசியேத்தே சொல்கிறாள்:
"போட்டுக் காட்டு. சத்தம் கேட்கணும்."

ராத்திரி முழுக்கப் பேருந்து கழுவிவிட்டு
விடிகாலை ஐந்துக்குத்தான் அவளுக்குச் சமையல்.
சுவருக்கு அந்தப்பக்கம்
பல் முளைக்கிற குழந்தை.

செருகினான். கடையே திரும்பிப் பார்த்தது.
அடுத்ததும் அலறல்தான்.
தள்ளுபடிக் கூடையில் பெட்டி கிழிந்து ஒன்று,
பதினான்கு யூரோ, ஒரே வேகம்,
தூக்கத்தில் பூனைபோல உறுமியது.

"இது கேரட்டை அரைக்காதே."

"குழைய வெந்தா அரைக்கும்."

அந்தப் பத்து நிமிட கேஸை
அவள் கணக்கில் சேர்க்கவில்லை.