சில்லறை

ஏப்ரனை விரித்துப் பிடிப்பது என் வேலை.
வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்பு நூல் பூக்கள்,
அடியில் யார் கல்யாணத்திலோ பட்ட பீட்ரூட் கறை.
பஃபலோ, தீயணைப்போர் சங்கக் கூடம்,
வெளியே ஏரிப் பனி.
ஒரு டாலர் போட்டால்
மணப்பெண்ணோடு அரை நிமிஷம் போல்கா,
இறங்கும்போது ஒரு மடக்கு வோட்கா.

மாப்பிள்ளையின் அம்மா வெர்மான்ட்டுக்காரி.
"எங்கள் பக்கம் இதற்குப் பெயர் பிச்சை" என்றாள்,
பக்கத்து நாற்காலியிடம், எனக்குக் கேட்கும்படி.
ரெனாட்டாவின் கல்லூரித் தோழிக்கு இது ஏலம்.
சொல்லிவிட்டு
இரண்டு முறை வரிசையில் நின்றாள்.
எஃகு ஆலை மூடியபின்
மீன் கடையில் நிற்கும் காஸிமிர் சொன்னார்:
"உறை கொடுத்தால் பெயர் எழுத வேண்டும்.
இதில் யார் எவ்வளவு என்று
ஏப்ரனுக்கே தெரியாது."

எனக்குத் தெரியும். பிடித்திருப்பவள் நான்.
என் ஏப்ரனில் விழுந்த நூற்றுப் பதினோரு டாலர்
ஒரு பழைய ஃபிரிட்ஜ் ஆனது.
அது இன்னும் ஓடுகிறது.
கல்யாணம்தான் ஓடவில்லை.

ஸெனான் வந்தான்.
மகளின் புதுநன்மைக்கு முந்தின வாரம்
வீட்டை விட்டுப் போனவன்.
"வந்தால் வாசலோடு அனுப்பு"
காலையிலேயே சொல்லியிருந்தாள் என் அக்கா யத்விகா.
கோட்டில் பனி உருகிச் சொட்ட
தபால்காரருக்குப் பின்னால்
வரிசையில் நின்றுவிட்டான்.
வாசலுக்கு அக்கா சொன்னதுதான் சட்டம்.
வரிசைக்கு வேறு:
டாலர் வைத்திருப்பவரைத்
திருப்பி அனுப்பக் கூடாது.

நான்காய் மடித்த இருபது டாலர் தாள்,
ஒன்றே ஒன்று. துணியில் போடவில்லை.
"சில்லறை இருக்கா?"

கேக் மேசையிலிருந்து அக்கா பார்க்கிறாள்.
துணிக்குள் கைவிட்டு
எச்சில் தொட்டு எண்ணினேன்
இருபது ஒற்றைத் தாள்.
வெர்மான்ட்டுக்காரியின் சொல் ஞாபகம் வந்தது.
சொல் சரிதான்.
ஏந்திய கை எங்களுடையது அல்ல.

முதல் அரை நிமிஷம் ரெனாட்டா
அவன் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தாள்.
மூன்றாவதில் ஏதோ கேட்டாள்.
ஏழாவதில், அவன் கால் பின்னியதும்,
சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள்.
ஒவ்வொரு முறையும் வோட்காவுக்குக் கையசைத்துவிட்டு
மறுபடி கடைசியில் போய் நின்றான்.
பன்னிரண்டோடு அக்கார்டியன் ஓய்ந்தது.

இரவு எண்ணும்போது அக்கா கேட்டாள்:
"அவன் எவ்வளவு போட்டான்?"
மடிப்புக் கலையாத தாளை நீட்டி
"இருபது" என்றேன்.
எட்டு டாலர்
அவன் கோட்டுப் பையில்
டெட்ராய்ட் பக்கம் போய்க்கொண்டிருந்தது.