லஸ்கரின் ஈரல்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
மெழுகில் பதித்த துண்டு, தீக்குச்சியில் பாதி.
சங்கிலிபூதத்தானின் ஈரலை
நான்கு மைக்ரான் தடிமனில் சீவிக்கொண்டிருக்கிறேன்.
கீழே டீக்கடையில் பால்சட்டி உருளும் சத்தம்.

போன வாரம் வராந்தாவில் என்னை மறித்தார்.
பேட்ஜைப் பார்த்து எழுத்துக்கூட்டி, "ஜெபக்கனி" என்றார்.
"நீங்கதான கண்ணாடியில ஒட்டிப் பாக்குதது?
டாக்டர் அதுக்குப் பேரு மட்டும் சொல்லுதாவ.
அது என்னத்தத் திங்குதுன்னு நீங்க சொல்லும்மா."

பாளையங்கால்வாயில் முப்பத்தோரு வருஷம் லஸ்கர்.
சொட்டு குடித்ததில்லை.
எப்போதோ வந்து போன மஞ்சள் காமாலை
போகவேயில்லை என்பது
போன மாசம்தான் தெரிந்தது.

சொன்னேன்.
நல்ல ஈரல் செல்லின் வாசலில் ஒரு நொதி காவல் நிற்கும்.
சாப்பிட்ட பிறகு, ரத்தத்தில் சர்க்கரை நிறைந்தால்தான்
உள்ளே இழுக்கும். குறைந்தால் கையைக் கட்டிக்கொள்ளும்.
நடுச்சாமத்தில், மூளை பசித்துக் கேட்டால்,
சேர்த்து வைத்ததை ஈரல் எடுத்துக் கொடுக்கும்.

"எங்க சோலிதான்" என்றார்.
"பாபநாசத்துல தண்ணி நின்னாத்தான் இங்க தொறப்போம்."

எம்.ஒய்.சி. என்று ஒரு மரபணு.
கருவில் கைகால் முளைக்கும் நாளில் ஓடியாடிய பிள்ளை,
பிறகு உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தது.
இப்போது எழுந்துவிட்டது, உட்கார மாட்டேன் என்கிறது.
வந்ததும் பழைய காவலாளை அனுப்பிவிட்டு
வேறொருவனை நிறுத்துகிறது.
அவனுக்கு நிறைவும் தெரியாது, வறட்சியும் தெரியாது,
வந்ததெல்லாம் உள்ளே.
உள்ளே போன சர்க்கரையை முழுசாய் எரிப்பதுமில்லை,
காற்று இருக்கும்போதே மூச்சுமுட்டியவன் மாதிரி
பாதியில் விட்டுப் புளிப்பாய்த் துப்புகிறது.

"ஏன் அப்படி?"

அதற்கு வேண்டியது சூடு மட்டுமில்லை. செங்கல்.
வெந்தும் வேகாத துண்டுகளை வைத்துச்
சுவர் எழுப்பும், இன்னொரு செல் கட்டும்.
அதுவும் போதாமல் ரத்தத்திலிருந்து
குளுட்டமினை வாரி வாரி விழுங்கும்.

"அப்பம் சீனிய நிறுத்திட்டாப் போச்சு.
மருமவ காப்பிக்குக் கருப்பட்டிகூடத் தர மாட்டேங்கா."

குடிங்க, என்றேன்.
நீங்கள் பட்டினி கிடந்தால் அது கிடக்காது,
உங்கள் புஜத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.
அவர் புஜத்தைப் பார்த்தார்.
ஷட்டர் சக்கரம் சுற்றிச் சுற்றி ஏறிய புஜம்,
சட்டைக்குள் தொளதொளத்துக் கிடந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
எனக்கு வாய் நிற்காது.
மெட் என்று இன்னொரு மரபணு இருக்கிறது, அண்ணாச்சி.
ஈரல் அதே ஈரல், கட்டி அதே கட்டி.
ஆனால் அது கிளப்பிய கட்டி குளுட்டமினைத் தின்பதில்லை,
சர்க்கரையிலிருந்து தானே செய்துகொள்கிறது,
எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

ரொம்ப நேரம் பேசவில்லை.
வீல்சேர் ஒன்று கீச்சிட்டுக்கொண்டு போனது.

"வயக்காட்டுல இருந்து வாய்க்காலுக்குத் தண்ணி ஏறுதுங்கிய."
ஏறுகிறது.
"அப்பம் எந்த மடைய அடைக்கது?"

எதுவென்று முதலில் பார்க்க வேண்டும்.
பார்க்கிற சாயம் எங்களிடம் இல்லை,
சென்னைக்கு அனுப்ப வேண்டும், ஆறு வாரம்.

சிரித்தார். பல்லில் வெற்றிலைக் கறை.
"அதுக்குள்ள கார் நடவே முடிஞ்சிரும்மா."

இன்று சிவப்பும் நீலமுமாய்ச் சாயம் ஏற்றிப் பார்க்கிறேன்.
கருத்துப் பெருத்த உட்கருக்கள், நெருக்கியடித்து.
நடுநடுவே கொழுப்புத் துளிகள், வெள்ளை வெள்ளையாய்.
எச்சில் இலை தெரிகிறது.
பரிமாறியது என்னவென்று தெரியவில்லை.

மீதித் துண்டைச் சென்னைக்குப் பொதிகிறேன்.
படிவத்தில் பெயர், வயது, உறுப்பு, பக்கம்.
தொழிலுக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: லஸ்கர்.
அங்கே எவரும் படிக்கப்போவதில்லை.